வாசிக்க விடாத வீடு

என் மகள் நாலு மொழி பேசுவாள் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்வது பெரும்பாலும் என் கணவர் வீட்டார்தான். கல்யாண வீடோ துக்க வீடோ, எங்கே போனாலும் அவளை முன்னால் நிறுத்தி, "நம்ம பிள்ளைக்கு நாலு பாஷை தெரியும் கேட்டியளா" என்பார்கள். அவளும் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ் என்று எடுத்துவிடுவாள். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவளைக் களியக்காவிளை பஸ் நிலையத்தில் தனியாக விட்டுப் பாருங்கள் என்று எனக்குக் கத்தத் தோன்றும். கேரள பஸ்ஸின் நடத்துநரிடம் அவர் பாஷையில் வாயாடுவாள். நம்மூர் பஸ்ஸின் நடத்துநரிடம் நம் பாஷையில் வாயாடுவாள். ஆனால் எந்த பஸ் எங்கே போகிறது என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பலகையில் இருப்பது தமிழோ மலையாளமோ, அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் மஸ்கட்டில் பிறந்து பத்து வயதுவரை அங்கே வளர்ந்தவள். பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி. தமிழும் வைத்திருந்தார்கள், படிக்கப் பிள்ளைகள் சேரவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதோறும் நான் உட்கார வைத்துப் பார்த்தேன். அ, ஆ என்று தொடங்கி ஔ வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அ. பிறகு கணவரின் கம்பெனியில் குடும்பத்தோடு இருக்கும் சலுகையை நிறுத்திவிட்டதால் அவர் அங்கேயே இருக்க, நானும் மகளும் ஊர் திரும்பினோம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், சாலையிலிருந்து இறங்கி ரப்பர் தோட்டங்களுக்குள் போனால் கணவரின் குடும்ப வீடு. அங்கே அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும் இருக்கிறார்கள். அவர்களை நான் அத்தான் என்றும் அக்கா என்றும் கூப்பிடுவேன். மகளுக்குப் பெரியப்பா, பெரியம்மை. அவர்களுடைய மகன்கள் இருவரும் வெளியூரில். எங்களைக் கண்டதும் வீடு நிறைந்துவிட்டது என்று அக்கா அழுதார்கள். நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவர்கள்மேல் எரிந்து விழப்போகிறேன்.

மகள் பேசும் தமிழ் அக்காவின் தமிழ். மஸ்கட்டில் இருந்தபோது தினமும் வீடியோவில் பெரியம்மையோடு கதையளந்து அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் ஆரல்வாய்மொழிக்காரி. இந்த மாவட்டத்திலேயே பிறந்தும் எனக்கு மேற்கே உள்ளவர்களின் ராகம் வராது. அவளுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இந்த மண்ணைவிட்டு வெளியே போகாத ஒருத்தி பேசுகிறாள் என்றுதான் நினைப்பீர்கள்.

அந்தத் தமிழைத்தான் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்றார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தமிழாசிரியை வடக்கு மாவட்டம் எங்கிருந்தோ வந்தவர். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வீட்ல மலையாளம் பேசுவீங்களா மேடம்?"

"இல்லை. தமிழ்தான்."

"அப்புறம் ஏன் பாப்பா இப்படிப் பேசுறா? தண்ணியை வெள்ளங்குறா. ஞாபகம்னு சொல்லத் தெரியல, ஓர்மைங்குறா. நீங்க முதல்ல வீட்ல நல்ல தமிழ் பேசிப் பழகுங்க."

எனக்குச் சுடச்சுடப் பதில் வாய் வரை வந்தது, ஆனால் மகள் பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகு தமிழ் வகுப்பில் அவள் வாயைத் திறப்பதில்லை என்று அவளே சொன்னாள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு எழுத்தே தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஒரு பக்கம். தெரிந்த பேச்சும் செல்லாது என்று ஆகிவிட்டது இன்னொரு பக்கம். பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் எதற்கும் ஆகாது. வீட்டிலோ, அதற்கு மேல் எதுவும் தேவையே இல்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கோளாறும் மாலை ஜெபத்தில்தான் நடந்தது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மாலை ஜெபம் என்றால் சும்மா கண்ணை மூடி எழுந்திருப்பதல்ல. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடிவிட்டு, வேதபுத்தகத்தில் ஒரு அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடிக்க வேண்டும். விருந்தாளி வந்தாலும் அவருக்கும் ஒரு வசனம் உண்டு. அத்தான் தொடங்குவார், அடுத்து அக்கா, அடுத்து மகள், அடுத்து நான். கணவர் மஸ்கட்டிலிருந்து போனில் இருப்பார். போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்திருப்போம். சில நாள் அவர் பாதி வசனத்தில் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார். அது சரியாகும்வரை நாங்கள் தலைகுனிந்து காத்திருப்போம்.

மகளின் முறை வரும்போது அக்கா தலையைச் சற்றே சாய்த்து அவள் காதில் வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார்கள். மகள் அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். கண் புத்தகத்தின்மேல் இருக்கும். விரல்கூட ஓடும், ஆனால் வேறு வரியில். மூச்சு விடுவது, இழுப்பது, நிறுத்துவது எல்லாம் அச்சு அசல். எங்கள் எல்லோரையும்விட அவள் வாசிப்புதான் கேட்க நன்றாக இருக்கும். இதை ஏமாற்று என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு மீனில் முள்ளெடுத்துக் கொடுப்பதுபோல் வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நான் சண்டை போட்டுப் பார்த்தேன்.

"அக்கா, அவ வாசிக்கட்டும். தப்பா வாசிச்சாலும் பரவாயில்ல."

"சோறு ஆறிப்போவும் மக்களே. பிள்ள தப்பும் தவறுமா வாசிச்சா அதுக்கு நாணமா இருக்காதா?"

"நம்ம முன்னால என்ன நாணம்?"

"நீ ஒண்ணு. இப்பம் என்ன கெட்டுப்போச்சு? தன்னால வரும், விடு."

தன்னால வரும் என்பதைக் கேட்டால்தான் எனக்கு வெப்ராளம் தலைக்கேறும். நான் தனியார் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் கிறுக்குவதையெல்லாம் வாசித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். எதுவும் தன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் போதகர் வீடு சந்திக்க வந்தார். புதிதாக வந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர். ஜெப நேரம் ஆனதால் உட்கார்ந்துவிட்டார். கீழே உட்கார முட்டுவலி என்று நாற்காலியில் இருந்தார். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியதில் அக்கா காதில் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. மகள் தன் முறைக்கு வசனத்தைச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளையா வெளிநாட்டில வளந்தது? என்ன சுத்தமா வாசிக்குது! இங்கயே கிடக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இப்பிடி வாசிக்கத் தெரியுமா?" என்றவர் அவள் தலையில் கை வைத்தார். "பிள்ளைகளுக்கான ஆராதனை, பாலர் ஞாயிறு வருதுல்லா, அதுல முதல் வேதபாடம் நீதான் வாசிக்கணும். சபை எல்லாம் கேக்கட்டும்."

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவின் கை என் முழங்காலை அழுத்தியது. அதற்காக நான் நிறுத்தவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். ஊருக்கு வந்த பிறகு அவள் தமிழுக்காக ஒருவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த முகத்தின்மேல் எப்படித் தண்ணீரைக் கொட்டுவது?

போதகர் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆலயத்தில் வாசிக்கிற மேசைக்கு முன்னால் அவள் தனியாக நிற்க வேண்டும். பெரியம்மை பக்கத்தில் இருக்க மாட்டார்கள். சபை முன்னால் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வாயை மூடியாயிற்று, இனி வீட்டிலும் மூடிக்கொள்வாள். அவளிடம் தமிழ் என்று மிச்சம் இருப்பதே அந்தப் பேச்சுதான். அதுவும் போய்விடும். நான் பயந்தது இதற்குத்தான்.

வீட்டில் வேறு யாருக்கும் பயம் இல்லை. அத்தான் மறுநாளே அவள் வாசிக்க வேண்டிய வேதப் பகுதி முழுவதையும் தன் போனில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, சந்திப்பில் உள்ள கடையில் கொட்டை எழுத்தில் அச்செடுத்து வந்துவிட்டார்.

"இத புத்தகத்துக்குள்ள வச்சா ஆருக்கும் தெரியாது. பிள்ள பாத்து வாசிச்சிரும்" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"அத்தான், இது தமிழா?"

"வாசிச்சா தமிழ்தானே கேக்கும்?"

கணவரிடம் சொல்லலாம் என்று மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். "டென்ஷன் ஆகாத" என்றுதான் தொடங்கினார். "அவளுக்குப் பேசத் தெரியும்லா, அது போதும். இந்தக் காலத்துல தமிழ் வாசிச்சு ஆருக்கு என்ன ஆகப்போவுது?" நீங்கள் பிழைப்புக்குப் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் பேசுவீர்கள், பஸ் ஏற நிற்கிறது நானும் அவளும் என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

மகளுக்கு அந்தக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. அக்கா சொல்லச் சொல்ல இரண்டே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டாள். காது அப்படிப்பட்ட காது. சமையலறையில் நின்று கையை ஆட்டி ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினாள். அக்கா அவளுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஒரு தட்டு உடைந்தது. வேண்டுமென்று உடைக்கவில்லை, ஆனால் உடைந்ததில் வருத்தமும் இல்லை.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் ஒத்திகைக்குப் போய்வந்த அன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ஒரு கொச்சுப் பிள்ள புஸ்தகத்த கொண்டுவந்து, அக்கா இது என்ன எழுத்துன்னு என்கிட்ட கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியல்ல. சும்மா ஒண்ணு சொன்னேன்." கட்டில் விரிப்பின் ஓரத்தைப் பிய்த்தாள். "அவ நம்பிட்டா. ஓடிப்போய் அப்பிடியே சொல்லிப் பாக்கா. எல்லாரும் என்ன நம்புகாவ. எனக்கு அது பிடிக்கல்ல."

அழவில்லை. கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்கு அடையாளம் தெரிந்தது, என்னிடமிருந்து போனதுதான். பிறகு சொன்னாள், "நீ படிப்பிச்சுத் தா. பெரியம்மைக்குத் தெரியாண்டாம்."

சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அதற்கு நேரம் இருக்கவில்லை. சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, மனப்பாடம் என்ன வேலை செய்து வைத்திருக்கிறது என்று. முதல் எழுத்தில் விரலை வைப்பாள், வாய் மூன்றாவது சொல்லுக்குப் போய்விடும். கண் எழுத்தைப் பிடிக்கும் முன்னால் காது முந்திக்கொள்ளும். தெரியாத பாடமாக இருந்தால் எழுத்து எழுத்தாக ஏறியிருப்பாள். இது தெரிந்த பாடம், எழுத்தைப் பார்க்கவே அவளுக்கு அவசியம் வரவில்லை.

"ஏட்டி, வாய மூடிட்டுக் கண்ணத் தொற."

"வாய மூடிட்டு எப்பிடி வாசிக்கும்?"

தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எத்தனையோ மாலைகள் அப்படி எழுந்து போனேன். அவளும் புத்தகத்தை மூடி வீசுவாள். "எனக்குத்தான் இது தெரியுமே, பின்ன எதுக்கு வாசிக்கணும்?" என்பாள். நியாயமான கேள்வி.

கடைசியில் மருந்துக்கடையிலிருந்து ஒரு வெற்று மாத்திரை அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு அதில் சன்னல் வெட்டினேன். அதைப் பக்கத்தின்மேல் வைத்து, பகுதியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி நகர்த்தினேன். பின்னாலிருந்து மனப்பாடம் யாருக்கும் வராது. வாய் திகைத்து நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் கண் வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, துணைக்கால் எது கொம்பு எது என்று என்னிடம் எரிந்து விழுந்து, ஒரு சொல்லை முடிப்பாள். முடித்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் முகம் மலரும். "ஓ, இதுவா அது!" என்பாள். வாயில் அவ்வளவு நாளாகக் கிடந்த சொல்லைக் காகிதத்தில் முதல்முதலாகக் காண்கிறாள். அந்த "ஓ" கேட்கும்போது மட்டும் எனக்கு எல்லோர்மேலும் இருந்த கோபம் கொஞ்சம் தணியும். அடுத்த சொல்லிலேயே மறுபடியும் ஏறிவிடும்.

பாலர் ஞாயிறு நெருங்கும்போது முன்னாலிருந்தும் வாசிக்கத் தேறிவிட்டாள். ஆனால் மெதுவாக. விரலை வைத்து, மூச்சை நிறுத்தி, சொல் முழுதாகும்வரை வாயைத் திறக்க மாட்டாள். அந்த நீளத்துக்குச் சபை பொறுக்குமா என்று எனக்கே சந்தேகம். ஞாயிறு காலையில் தலை பின்னிவிடும்போது மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "முதல் ரெண்டு வசனத்த வாசி. முடியலன்னா மிச்சத்த மனப்பாடமா சொல்லிரு."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "அது களவுல்லா?" என்றாள். பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

ஆலயம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் முன் வரிசையில். போதகர் அவளை அழைக்கும் முன்னால் ஒரு சிறிய பிரசங்கமே செய்தார். வெளிநாட்டில் வளர்ந்தும் தாய்மொழியை விடாத பிள்ளை, இங்கே இருந்தும் வாசிக்க வராத பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் என்று ஒரு சுற்று வந்தார். எனக்கு இருக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் போய் மேசைமுன் நின்றாள், ஒலிபெருக்கியை யாரோ அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். புத்தகத்தில் விரலை வைத்தாள்.

முதல் வசனம் நீண்டது. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து விழுந்தது. பெண்கள் பக்கத்தில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைக்கு என்ன ஆயிற்று, நேற்றுக்கூட மடமடவென்று சொன்னாளே என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் வாசிக்கிறாள் அக்கா, அதுதான் ஆகியிருக்கிறது என்று எனக்கு எழுந்து நின்று சொல்லத் தோன்றியது. இரண்டாம் வசனத்தையும் முடித்தாள். பின்னால் செருமல், கால் உரசும் ஓசை. மூன்றாம் வசனத்தின் நடுவில் நீளமான ஒரு சொல். விரல் நின்றது. அவளுக்கு அந்தச் சொல் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு எழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் அது தெரிந்தது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது. அத்தான்தான். அடுத்த சொல்லையும் அவரே சொன்னார். பாடகர் குழுவில் யாரோ சேர்ந்துகொண்டார்கள். பிறகு முன் வரிசை, பிறகு பெண்கள். எல்லோர் மடியிலும் புத்தகம் திறந்திருந்தது. எல்லோருக்கும் இரக்கம். பிள்ளை தடுமாறுகிறது, கைகொடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் சபை முழுவதும் ஒரே குரலாக வாசித்தது. சுவர்கள் அதிர்ந்தன. நடுவில் என் மகள் வாயை மூடி நின்றாள். விரல் அதே சொல்லில் இருந்தது. ஒரு தடவை நிமிர்ந்து சபையைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் விரலுக்குக் குனிந்தாள். கடைசி வசனம்வரை வாசித்து "ஆமென்" என்று ஓங்கி முடித்தார்கள். போதகர் கண் கலங்கி, சபை ஒருமனமாக வாசித்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லி, அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். அவள் இறங்கி வந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் அன்பின் விருந்து. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவள் கன்னத்தைத் தட்டினார்கள். "நல்லா வாசிச்ச மக்களே." ஒருவர்கூட வேறு சொல்லவில்லை. அத்தான் என்னிடம் வந்து, "பிள்ள பயந்துட்டு. நல்ல காலம், நான் சமயத்துக்கு எடுத்துக் குடுத்தேன்" என்றார்.

"அவ பயப்படல்ல அத்தான். வாசிச்சுட்டு இருந்தா."

"நின்னுட்டால்லா?"

"நிக்காம எப்பிடி வாசிக்க முடியும்?"

குரல் உயர்ந்துவிட்டது. நாலு பேர் திரும்பினார்கள். அத்தானின் முகம் சுருங்கிப்போனது. அவர் கெட்டது எதுவும் செய்யவில்லை, அதுதான் என் ஆத்திரம். கெட்டது செய்திருந்தால் சண்டையாவது போட்டு முடித்திருப்பேன். ஒரு ஊரே சேர்ந்து அன்பாக ஒரு பிள்ளையின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கினால் யாரிடம் போய்க் கேட்பது?

திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். பந்தலில் இல்லை, பிள்ளைகளின் கூட்டத்தில் இல்லை. ஆலயத்துக்குள் போய்ப் பார்த்தேன். காலியான இருக்கைகளுக்கு நடுவில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம்.

"சாப்பிட வா."

"நான் மூணாவது வசனத்துலதான் நிக்கேன்" என்றாள். நிமிரவில்லை. "மிச்சம் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நின்ற சொல்லிலிருந்து தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அக்காவும் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்கள். "சோறு தீரப்போவுது, ரெண்டு பேரும் இங்க என்ன செய்யுதிய?" என்றவர்கள் அவள் விரலைப் பார்த்ததும் நின்றார்கள். அது சரியான வரியில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன் இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார்கள்.

மறுபடியும் ஒரு சொல்லில் விரல் நின்றது. அக்காவின் உதடு தன்பாட்டுக்கு அசைந்தது. அந்த வசனம் முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். தலைகூட மெல்லச் சாய்ந்தது, பாயில் உட்கார்ந்து சாய்கிறதுபோல்.

"சொல்லாண்டாம் பெரியம்மே" என்றாள் மகள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணில் நீர் முட்டி நின்றது. எனக்கும் அந்தச் சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. வெளியே பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டார்கள். அவள் எழுத்தைக் கூட்டினாள், தவறினாள், மீண்டும் முதலிலிருந்து கூட்டினாள். வந்தது. அடுத்த சொல், அடுத்த வசனம், அதற்கடுத்தது. ஒரு வழியாகக் கடைசிச் சொல்லையும் வாசித்து முடித்து, விரலை எடுக்காமலே எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பம் சொல்லுங்க ஆமென்."